தலைப்புக்குள் கதை வைத்த ஓ. ஹென்றி



சிறுகதைப் பாடத்திலிருந்து தேர்வில் அடிக்கடி வரும் கேள்விகள் இரண்டு. கதையின் மையக்கருத்து என்ன என்பது ஒன்று. கதைக்கு வைத்த தலைப்பு பொருத்தமானதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பலர் கதைச் சுருக்கத்தையே எழுதி வைத்து விடுகிறார்கள். இரண்டாவது கேள்விக்கு, கதை முழுவதும் இதைப் பற்றியே வருவதால் தலைப்பு மிகவும் பொருத்தமே என்று ஒரே வரியில் முடித்து விடுகிறார்கள். உலகத்தில் உள்ள எல்லாக் கதைகளுக்கும் இந்த ஒரு பதில் பொருந்தும் அல்லவா? பிறகு எப்படி முழு மதிப்பெண் கிடைக்கும்?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் வழி காட்டக்கூடிய ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையை இப்போது பார்ப்போம். அவர்தான் அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ஓ. ஹென்றி.

அத்தையின் பள்ளிக்கூடம்

1862-ம் ஆண்டு செப்டம்பர் 11-ம் தேதி, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் வில்லியம் சிட்னி போர்ட்டர். அப்பா ஒரு மருத்துவர். ஆனாலும் வீட்டில் நோய் புகுந்துவிட்டது. போர்ட்டருக்கு 3 வயது ஆனபோது அம்மா காசநோயால் இறந்து போனார்.

தாயில்லாப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர்கள் பாட்டியும் அத்தையும். அத்தை ஈவலினா ஒரு சிறிய பள்ளிக்கூடம் நடத்தி வந்தார். அவர் ஒரு கதையைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை மாணவர்களைச் சொல்லச் சொல்வாராம். ஓ. ஹென்றியின் கதைகள் கடைசி வரியில் சட்டென்று திரும்பும். அந்தத் திறமைக்கு விதை போட்ட இடம் இதுவாகவும் இருக்கலாம்.

படிப்பு முடிந்ததும் அப்பாவின் சகோதரர் நடத்திய மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 1881-ல் மருந்தாளுநர் உரிமம் பெற்றார். இந்த உரிமத்தை மறந்து விடாதீர்கள். பின்னால் இதுதான் அவருக்குக் கைகொடுக்கப் போகிறது.

விடாத இருமல் அவரை வாட்டியது. நல்ல காற்று கிடைக்கட்டும் என்று 1882-ல் டெக்சாஸ் மாநிலத்துக்குச் சென்றார். அங்கே ஓர் ஆட்டுப் பண்ணையில் சில காலம் இருந்தார். பிறகு ஆஸ்டின் நகரில் குடியேறினார். 1887-ல் ஆத்தல் என்ற பெண்ணை மணந்தார். முதல் குழந்தை பிறந்த சில மணி நேரத்திலேயே இறந்தது. 1889-ல் மகள் மார்கரெட் பிறந்தாள்.

அரசு நில அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை, அதன் பிறகு வங்கியில் காசாளர் வேலை என்று வாழ்க்கை நகர்ந்தது. 1894-ல் சொந்தமாக ஒரு நகைச்சுவை வார இதழும் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது நின்று போனது.

சிறைக்குள் பிறந்த பெயர்

அவர் வேலை பார்த்த வங்கியின் கணக்கில் பணம் குறைந்தது. கையாடல் செய்ததாக அவர் மீது வழக்கு வந்தது. 1896-ல் விசாரணைக்கு முதல் நாள், பயந்து போய் ஊரை விட்டே ஓடினார். மத்திய அமெரிக்காவில் உள்ள ஹோண்டுராஸ் நாட்டில் மறைந்து வாழ்ந்தார்.

அங்கேயே இருந்திருந்தால் போலீசிடம் சிக்காமல் தப்பியிருப்பார். ஆனால் மனைவி காசநோய் முற்றிச் சாகும் நிலையில் இருக்கிறாள் என்ற செய்தி வந்தது. கைதாவோம் என்று தெரிந்தே 1897-ல் ஊர் திரும்பினார். அந்த ஆண்டு ஜூலை மாதம் மனைவி கண்ணை மூடினார். கடைசி நாட்களில் கணவர் பக்கத்திலேயே இருந்தார்.

1898-ல் நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. ஒஹையோ மாநிலச் சிறையில் அடைக்கப்பட்டார். அந்தப் பழைய மருந்தாளுநர் உரிமம் அங்கே உதவியது. சிறை மருத்துவமனையில் இரவு நேர மருந்தாளுநர் வேலை கிடைத்தது. வேலைக்கு நடுவே கதைகள் எழுதினார். நியூ ஆர்லியன்ஸில் இருந்த ஒரு நண்பர் மூலமாக அவற்றைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். அதனால் எழுதியவர் ஒரு கைதி என்பது பத்திரிகைகளுக்குத் தெரியவில்லை. பல புனைபெயர்களில் எழுதினார். அவற்றுள் நிலைத்து நின்ற பெயர்தான் ஓ. ஹென்றி.

மகள் மார்கரெட் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தாள். அப்பா சிறையில் இருக்கிறார் என்பது அவளுக்குச் சொல்லப்படவில்லை. வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்றே அவள் நம்பினாள். நன்னடத்தை காரணமாக 1901 ஜூலையில், 3 ஆண்டுகளிலேயே போர்ட்டர் விடுதலையானார். அப்போது மகளுக்கு வயது 11.

திரும்பக் கிடைத்த வாழ்வு

1902-ல் அவர் நியூயார்க் நகருக்குப் போனார். அடுத்த ஆண்டே ஒரு சிறந்த கதை வெளிவந்தது. ஜிம்மி என்பவன் பெட்டக உடைப்பில் கெட்டிக்காரன். அவன் திருந்தி, வேறு பெயரில் வேறு ஊரில் செருப்புக் கடை வைத்துக் கௌரவமாக வாழ்கிறான். வங்கி முதலாளியின் மகளோடு திருமணமும் நிச்சயமாகிறது. ஒரு நாள் அந்த வங்கியின் புதிய பெட்டக அறைக்குள் ஒரு சிறுமி மாட்டிக் கொள்கிறாள். கதவைத் திறக்க யாராலும் முடியவில்லை. திறந்தால் தான் யார் என்பது ஊருக்கே தெரிந்து விடும். திறக்காவிட்டால் குழந்தை மூச்சுத் திணறிச் செத்து விடும். ஜிம்மி தயங்காமல் பழைய கருவிகளை எடுத்துக் கதவைத் திறக்கிறான். வாசலில் அவனைப் பிடிக்க வந்த துப்பறிவாளர் நிற்கிறார். அவன் சரணடையப் போகிறான். அவரோ, அவனைத் தெரியாதவர் போல நடந்து போய் விடுகிறார்.

இந்தக் கதையின் ஆங்கிலத் தலைப்பு 'எ ரிட்ரீவ்டு ரிஃபார்மேஷன்'. தமிழில் சொன்னால், மீட்கப்பட்ட திருந்திய வாழ்வு. திருந்திய வாழ்வு என்று மட்டும் வைத்திருந்தால் அது ஜிம்மியின் முயற்சியை மட்டுமே சொல்லும். 'மீட்கப்பட்ட' என்ற சொல் சேர்ந்ததும் பொருள் விரிகிறது. அவன் இழந்து விட்டோம் என்று நினைத்த வாழ்வை, இன்னொரு மனிதர் திருப்பிக் கொடுக்கிறார். ஒருவன் திருந்தினால் மட்டும் போதாது, அவன் திருந்தியதை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். இதுதான் மையக்கருத்து. பெட்டகம், கருவி, செருப்புக் கடை எல்லாம் கதைச் சம்பவங்கள். கதையில் நடந்தது வேறு, அது நமக்கு உணர்த்துவது வேறு. வித்தியாசம் புரிகிறதா?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜிம்மியைப் போலவே கதாசிரியரும் புதுப் பெயரில், புது ஊரில், பழையதை மறைத்து வாழ்ந்தவர்தான்.

நானூறா? நாற்பது லட்சமா?

நியூயார்க்கில் 'சண்டே வேர்ல்டு' என்ற ஞாயிறு இதழுக்கு வாரம் ஒரு கதை வீதம் ஓராண்டுக்கும் மேலாக எழுதிக் கொடுத்தார். கடைப் பெண்கள், எழுத்தர்கள், போலீஸ்காரர்கள், வேலையில்லாதவர்கள்... இவர்களே அவருடைய கதைமாந்தர்கள்.

அந்த நகரில் கவனிக்கத் தக்க மனிதர்கள் 400 பேர்தான் என்று செல்வந்தர் வட்டாரத்தில் ஒரு பேச்சு இருந்தது. ஓ. ஹென்றிக்கு அது பிடிக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கு எடுப்பவர் காட்டும் எண்ணே சரி என்று கருதினார். 1906-ல் வந்த தன் கதைத் தொகுப்புக்கு 'தி ஃபோர் மில்லியன்', அதாவது நாற்பது லட்சம் என்று பெயர் வைத்தார். இந்த நகரத்தில் ஒவ்வொரு மனிதரும் கதைக்கு உரியவரே என்ற கருத்தை ஒரே ஓர் எண்ணில் சொல்லி விட்டார்!

அந்தத் தொகுப்பில்தான் புகழ்பெற்ற 'தி கிஃப்ட் ஆஃப் தி மாகி' என்ற கதை இருக்கிறது. ஏழைத் தம்பதி டெல்லாவும் ஜிம்மும். கணவனின் கைக்கடக்கக் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்க, மனைவி தன் நீண்ட கூந்தலை வெட்டி விற்கிறாள். மனைவியின் கூந்தலுக்கு அழகிய சீப்புகள் வாங்க, கணவன் அந்தக் கடிகாரத்தையே விற்று விடுகிறான். இரண்டு பரிசுகளும் இப்போதைக்குப் பயன்படாது.

மாகி என்பவர்கள் குழந்தை இயேசுவைக் காணப் பரிசுகளுடன் வந்த கீழ்த்திசை ஞானிகள். கதையில் அவர்கள் வருவதே இல்லை, பேச்சாகத்தான் வருகிறார்கள். பிறகு ஏன் தலைப்பில் அவர்கள்? பார்வைக்கு ஏமாளிகள் போலத் தெரியும் இந்தத் தம்பதிதான் உண்மையில் ஞானிகள் என்று சொல்லத்தான். தமக்கு அருமையானதை இழந்து கொடுப்பதே மேலான பரிசு என்பது மையக்கருத்து.

ஒரு சுவையான செய்தி. 1905 டிசம்பர் 10-ம் தேதி பத்திரிகையில் வந்தபோது இந்தத் தலைப்பில் 'பரிசுகள்' என்று பன்மையில் இருந்தது. புத்தகத்தில் அது 'பரிசு' என ஒருமை ஆனது. சீப்பு, சங்கிலி என்று எண்ணினால் பரிசு இரண்டு. அன்பு என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். ஒரு சிறு மாற்றத்தில் பொருள் எவ்வளவு ஆழமாகிறது பாருங்கள்!

எது கடைசி இலை?

1907-ல் வந்த தொகுப்பில் 'தி லாஸ்ட் லீஃப்' என்ற கதை உண்டு. நிமோனியாவில் படுத்த இளம்பெண் ஜான்சி, ஜன்னலுக்கு வெளியே கொடியின் கடைசி இலை விழும்போது தானும் இறந்து விடுவோம் என்று நம்புகிறாள். மழையும் காற்றும் அடித்தும் அந்த இலை விழவில்லை. அவளும் பிழைத்துக் கொள்கிறாள். அது நிஜ இலை அல்ல. பெர்மன் என்ற முதிய ஓவியர், கொட்டும் மழையில் இரவோடு இரவாகச் சுவரில் வரைந்த இலை. நனைந்த அவரை நிமோனியா கொண்டு போய்விடுகிறது.

கதையைப் படிக்கும் முன் கடைசி இலை என்றால் சாவு என்று தோன்றும். படித்து முடித்ததும் அதே சொல்லுக்கு உயிர் என்று பொருள் வந்து விடுகிறது. நாற்பது ஆண்டுகளாகப் பெரிய ஓவியம் ஒன்றை வரையப் போவதாகச் சொல்லிக் கொண்டிருந்த அந்தக் கிழவருக்கு, அதுவே கடைசி ஓவியமும் சிறந்த ஓவியமும் ஆகிறது. தாயையும் மனைவியையும் நுரையீரல் நோய்க்குப் பறிகொடுத்தவர் எழுதிய கதை இது என்பதை நினைத்துக் கொண்டு மறுபடியும் படித்துப் பாருங்கள்.

1910-ம் ஆண்டு ஜூன் 5-ம் தேதி, 47 வயதில் ஓ. ஹென்றி நியூயார்க்கில் காலமானார். குடிப்பழக்கம் அவர் உடலை அரித்து விட்டிருந்தது. 1916-ல் அவருடைய வாழ்க்கை வரலாறு நூலாக வந்த பிறகுதான், அவர் சிறையில் இருந்த விஷயம் வாசகர்களுக்குப் பரவலாகத் தெரிந்தது. அதற்காக யாரும் அவருடைய கதைகளைத் தள்ளி வைத்து விடவில்லை. 1919 முதல் சிறந்த சிறுகதைகளுக்கு அவர் பெயரில் ஒரு பரிசும் ஏற்பட்டது. ஜிம்மிக்குக் கிடைத்தது போல, அவருக்கும் வாழ்வு திரும்பக் கிடைத்து விட்டது!

நீங்களும் செய்து பாருங்கள்

1. கதையைப் படிக்கும் முன், தலைப்பைப் பார்த்து என்ன தோன்றுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

2. படித்து முடித்த பின், அதே தலைப்புக்கு இப்போது என்ன பொருள் என்று இன்னொரு வரி எழுதுங்கள். இரண்டு வரிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினால், தலைப்பு பொருத்தமா என்ற கேள்விக்கு விடை கிடைத்து விடும்.

3. கதைமாந்தர் பெயர், ஊர், பொருள்கள் எதையும் சொல்லாமல், கதை உணர்த்துவதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதுதான் மையக்கருத்து.

4. தலைப்பில் ஒரு சொல்லை நீக்கியோ மாற்றியோ பாருங்கள். எது குறைகிறது என்று கண்டுபிடியுங்கள்.

உங்கள் தமிழ்ப் புத்தகத்தில் உள்ள அடுத்த சிறுகதையிலிருந்தே தொடங்கலாமே!