லாரியில் ஏறிய ஃப்ரிட்ஜ்: யார் இந்த ஃபிரெடெரிக் ஜோன்ஸ்?

ஹைவேயில் போகும் குளிர்சாதன லாரிகளைக் கவனித்திருக்கிறீர்களா? டிரைவர் கேபினுக்கு மேலே ஒரு பெட்டி துருத்திக்கொண்டு நிற்கும். அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருப்பவர், சின்ன வயசுலேயே பள்ளிக்கூடத்தை விட்ட ஒரு கறுப்பின அமெரிக்கர்: ஃபிரெடெரிக் மெக்கின்லி ஜோன்ஸ்.

கேரேஜில் தொடங்கிய படிப்பு

1893-ல் பிறந்த ஜோன்ஸ், பெற்றோர் அரவணைப்பு இல்லாமல், ஒரு பாதிரியாரின் பராமரிப்பில் வளர்ந்தார். 11 வயதில் அங்கிருந்து ஓடிப்போய், சின்சினாட்டியில் ஒரு கேரேஜில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். டீன் ஏஜிலேயே மெக்கானிக் ஆகிவிட்டார். எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் புத்தகம் படித்து, தானே கற்றுக்கொண்டதுதான்.

1938-ல் என்ன நடந்தது?

அப்போது காய்கறி, இறைச்சி எல்லாம் ஐஸ் கட்டியை நம்பித்தான் லாரியில் போகும். ஐஸ் கரைந்தால் லோடு மொத்தமும் காலி. மின்னியாபொலிஸில் ஜோன்ஸின் முதலாளி ஜோசப் நியூமெரோ இதற்கு ஒரு வழி தேடினார். லாரியிலேயே ஓடும் குளிர்சாதனத்தை ஜோன்ஸ் உருவாக்கினார். முதல் மாடல் வண்டிக்கு அடியில் தொங்கியது, எடையும் அதிகம். பிறகு அதை இலகுவாக்கி, முன்பக்கம் மேலே ஏற்றினார். இவர்கள் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய 'தெர்மோ கிங்'.

இரண்டாம் உலகப்போரில் ரத்தம், மருந்து, உணவு கொண்டுபோக இவரது கருவிகள் உதவின. 60-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்ற ஜோன்ஸ் 1961-ல் இறந்தார். அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 1991-ல்தான் வந்தது, இறந்து 30 வருஷம் கழித்து!

குளிர் ஏன் முக்கியம்?

பறித்த பிறகும் காய்கறிகள் சுவாசிக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால், அந்த வேகம் இரண்டு, மூன்று மடங்காகும். அவ்வளவு சீக்கிரம் அழுகும்.

இந்தியாவில் நிலைமை?

லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப நிறுவனத்தின் 2015 ஆய்வுப்படி, தக்காளியில் 12.44%, கொய்யாவில் 15.88% வீணாகிறது. இங்கே தக்காளி பெரும்பாலும் திறந்த லாரியில்தான் பயணிக்கிறது.

குளிர்சாதன லாரி வாங்கினால் மட்டும் போதுமா? போதாது. ஏற்கெனவே குளிர்ந்த சரக்கை அப்படியே வைத்திருக்கத்தான் அந்த லாரி. வெயிலில் கொதிக்கும் தக்காளியைச் சட்டென்று குளிர்விக்க அதனால் முடியாது. அதற்குத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே குளிர்விக்கும் அறையும், தடையில்லாத கரண்டும் வேண்டும். வளரும் நாடுகளின் பல கிராமங்களில் இல்லாதது இந்த முதல் கண்ணிதான். நடுவில் உள்ள சாலைப் பயணத்தை ஜோன்ஸ் 80 வருஷத்துக்கு முன்பே சரிசெய்துவிட்டார்.