தலை காத்த மருத்துவர்

இருசக்கர வாகனத்தில் செல்வோர் அணியும் தலைக்கவசத்தை நாம் நாள்தோறும் காண்கிறோம். சில வேளைகளில் அது தலையில் இல்லாமல் கைப்பிடியில் தொங்குவதையும் காண்கிறோம்! அக்கவசம் உயிர் காக்கும் என்பதைக் கணக்கெடுத்துக் காட்டிய பெரியார் சர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர் ஆவார்.

இவர் 1896-ஆம் ஆண்டு தென் ஆஸ்திரேலியாவில் போர்ட் பிரி என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். அடிலெய்டு நகரில் மருத்துவம் பயின்று, முதல் உலகப்போரில் பணிபுரிந்தபின், ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு சென்றார். படிப்பில் மட்டுமன்றிப் படகுப் போட்டியிலும் வல்லவர். பின்னர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹார்வி குஷிங் என்னும் மேதையிடம் மூளை அறுவை மருத்துவம் கற்றுத் திரும்பினார்.

1935-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள். அரேபியாவின் லாரன்ஸ் என்று புகழ்பெற்ற வீரர், இங்கிலாந்தில் டார்செட் பகுதியிலுள்ள ஒரு சாலையில் மோட்டார் சைக்கிளில் விரைந்து வந்தார். எதிர்பாராமல் மிதிவண்டியில் சென்ற இரு சிறுவர்களைக் கண்டார். அவர்கள்மேல் மோதாதிருக்க வண்டியை ஒடித்துத் திருப்பித் தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த காயம். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அவரைக் காக்க அழைக்கப்பட்ட மருத்துவர்களில் கெய்ர்ன்ஸும் ஒருவர். ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்த லாரன்ஸ், மே 19 அன்று தமது 46-ஆம் வயதில் இறந்தார். போர்க்களங்களில் பிழைத்தவர் அமைதியான நாட்டுப்புறச் சாலையில் மாண்டது எத்துணைக் கொடுமை! மூளை சிதைந்தபின் கைதேர்ந்த மருத்துவரும் செய்யக்கூடியது சிறிதே என்பதைக் கெய்ர்ன்ஸ் அறிவார். அடி மூளையை எட்டாமல் தடுக்க வழியுண்டா என்பதே அவரது ஆராய்ச்சியாயிற்று.

இரண்டாம் உலகப்போர் வந்தது. ஆக்ஸ்போர்டில் மாணவியர் பயின்ற செயின்ட் ஹ்யூஸ் கல்லூரி, தலைக்காயம் பட்ட வீரர்களுக்கான மருத்துவமனையாக மாறியது. அதை நடத்தியதில் கெய்ர்ன்ஸுக்குப் பெரும் பங்குண்டு. பெண்கள் கல்லூரி என்பதால் இச்செய்தி நமக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது.

1941-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். போருக்கு முந்திய 21 மாதங்களில் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளில் சென்று இறந்தோர் 1,884 பேர். போரின் முதல் 21 மாதங்களில் 2,279 பேர். பெட்ரோலுக்குப் பங்கீடு இருந்தும் சாவு கூடியது! கவசம் அணிந்து விபத்துக்குள்ளானவர்களில் அவர் அப்போது பார்த்தவர்கள் எழுவர் மட்டுமே. எழுவரும் பிழைத்தனர். ஏழு பேரை வைத்து முடிவு சொல்லலாமா என்று நமக்கும் ஐயம் எழத்தான் செய்கிறது. அவரும் அத்துடன் நிற்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. அவரோ மேலும் மேலும் விபத்துகளைக் கணக்கெடுத்தார். ஹோல்போர்ன் என்னும் இயற்பியலாளரைத் துணைக்கு அழைத்தார். அவர் ஜெலட்டினால் மூளையின் மாதிரிகள் செய்து, தலை சட்டெனச் சுழலும்போது உள்ளே எவ்வாறு சிதைவு நேர்கிறது என்று ஆராய்ந்தார். விருந்தில் உண்ணும் ஜெல்லியைக் கிண்ணத்தோடு திருகிப் பார்த்தால் நமக்கும் இது ஓரளவு விளங்கும். 1946-இல் எழுதிய கட்டுரையில், கவசம் கட்டாயமான பின் சாவுகள் குறைந்ததைக் கெய்ர்ன்ஸ் எடுத்துக்காட்டினார்.

இராணுவம் ஏற்றதைப் பொதுமக்கள் எளிதில் ஏற்கவில்லை. 1952-ஆம் ஆண்டு ஜூலை மாதம், 56 வயதில், புற்றுநோயால் அவர் ஆக்ஸ்போர்டில் காலமானார். பிரிட்டனில் மோட்டார் சைக்கிளில் செல்லும் எல்லோருக்கும் தலைக்கவசம் கட்டாயமானது 1973-இல்தான். நம் நாட்டிலோ 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, ஓட்டுபவரோடு பின்னால் அமர்பவரும் அதை அணிய வேண்டும் என்கிறது.