மண்வெட்டி எடுத்த இன்ஜினியர்

நம்ம சோழவரத்துல இருந்து ட்ரெக்கிங் கிளம்பினா ஒண்ணு தடா, இல்லேன்னா நாகலாபுரம். மழை முடிஞ்சு போயிருந்தீங்கன்னா பார்த்திருப்பீங்க, ஒத்தையடிப் பாதை பாதி இடத்துல அரிச்சுக் கிடக்கும். நானும் அதைத் தாண்டிக் குதிச்சு, போட்டோ எடுத்துட்டு வந்தவன்தான். இதை யார் சரி பண்ணுவாங்கன்னு யோசிச்சதே இல்ல. அப்படி யோசிச்ச ஒருத்தரைப் பத்தி இப்போ சொல்றேன். அவரும் இன்ஜினியர்தான்.

பேர் பியர் செரசோல். 1879-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் பிறந்தார். அப்பா பால் செரசோல் 1873-ல் அந்த நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர். மகன் படித்தது ஐன்ஸ்டைன் படித்த அதே ஜூரிக் பாலிடெக்னிக்கில். அப்புறம் அமெரிக்கா, ஹவாய், ஜப்பான் என்று சுற்றி வேலை பார்த்தார். அந்தக் காலத்து 'செட்டில்' ஆன ஆளுன்னு வெச்சுக்கோங்க.

முதல் உலகப்போர் எல்லாத்தையும் மாத்திடுச்சு. அப்பா வழியில் வந்த சொத்தை அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்தார். ராணுவ வரி கட்ட மறுத்து ஜெயிலுக்கும் போனார். ஆனா, மாட்டேன்னு சொன்னா மட்டும் போதுமான்னு அவருக்கு ஒரு உறுத்தல் இருந்தது.

1920 நவம்பரில் பிரான்ஸின் வெர்டன் பக்கத்தில் எஸ்ன் என்ற கிராமத்துக்கு ஒரு சின்னக் குழுவோடு போனார். போரில் தரைமட்டமான ஊர் அது. குழுவில் ஜெர்மன்காரர்களும் இருந்தார்கள். ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் அந்த ஊருக்கு எதிரிகள்! கூலி கிடையாது. இடிபாடுகளை அகற்றினார்கள், குண்டு விழுந்த குழிகளை மூடினார்கள். ஆனா அஞ்சே மாசத்துல வேலை நின்னு போச்சு. ஜெர்மன்காரர்கள் அங்கே இருப்பதை ஏத்துக்க எல்லாருக்கும் மனசு வரல.

செரசோல் விடல. 1924-ல் ஆல்ப்ஸ் மலையின் லே ஓர்மோன் பள்ளத்தாக்கில் பனிச்சரிவு கொட்டிய கல்லையும் மரத்தையும் அகற்ற ஆள் சேர்த்தார். குழுவை நடத்தியவர் அவரோட சகோதரர் எர்னெஸ்ட், ராணுவ கர்னல்! 1928-ல் வெள்ளம் பாதித்த லிச்சென்ஸ்டைனுக்கு 700-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வந்தார்கள். சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு இப்படித்தான் வளர்ந்தது. இன்னைக்கு உலகம் முழுக்க மலைப்பாதை சரிபண்ணும் பல குழுக்கள் பின்பற்றுவதும் இதே முறைதான்: தங்க இடம், சாப்பாடு, கையில் மண்வெட்டி.

1934 ஜனவரி 15, பீகார் நிலநடுக்கம். 55 வயதை நெருங்கிக்கொண்டிருந்த செரசோல் கப்பல் ஏறி வந்தார். ராஜேந்திர பிரசாத்தோடு பேசி, முசாபர்பூர் பகுதியில் வெள்ளம் சூழும் கிராமங்களை மேடான இடத்துக்கு மாற்றிக் கட்டும் வேலையில் இறங்கினார். வெயில்ல நம்ம ஊர் ஆட்களோட சேர்ந்து மண் சுமந்தார். 1937 வரைக்கும் திரும்பத் திரும்ப இந்தியா வந்தார்.

இரண்டாம் உலகப்போரிலும் அவர் சும்மா இருக்கல. அமைதி பேச எல்லை தாண்டி ஹிட்லரின் ஜெர்மனிக்குள் போய்ச் சிறைப்பட்டார். போரை அவரால் நிறுத்த முடியல. 1945 அக்டோபரில், போர் முடிஞ்ச சில மாசத்துல, இறந்துபோனார்.

தோத்துட்டாரா? நீங்களே சொல்லுங்க. எஸ்ன்ல பாதியில நின்ன வேலை பீகார் வரைக்கும் வந்திருக்கே.

ஒரு சின்ன இன்ஜினியரிங் விஷயம். பாதையைக் கெடுப்பது பெரும்பாலும் அதன் மேலேயே ஓடும் தண்ணிதான். பாதைக்குக் குறுக்கே கல்லைச் சாய்வாகப் பதிச்சா, தண்ணி ஓரமா இறங்கிடும். அவ்வளவுதான். இதுக்கு டிகிரி வேணாம், வனத்துறை அனுமதியும் நாலு பேரும் ஒரு ஞாயித்துக்கிழமையும் போதும்.

எனக்கு இன்னும் ஒரு செமஸ்டர்தான் இருக்கு. அனுமதி கேட்டு லெட்டர் எழுதிட்டேன். மண்வெட்டி பிடிக்க யாரெல்லாம் வர்றீங்க?