வின்செஸ்ரரும் சிறு தோட்டாவும்

வின்செஸ்ரர் என்ற பெயரைக் கேட்டதும் குதிரையேறிய மாட்டிடையரையும் வெள்ளித்திரைச் சண்டைகளையுமே பலர் நினைப்பர். அப்பெயருக்குரியவர் துவக்குத் தொழிலாளியல்லர், சட்டை வணிகர் என்பதே எனக்குச் சுவையான செய்தியாகப் படுகிறது. கைத்துப்பாக்கிக்கு அளவான சிறு தோட்டா, தோளிற் சார்த்திச் சுடும் துவக்குக்குப் போதுமா? படைத்துறையார் போதாது என்றனர். அவர் போதுமென்று தம் செல்வத்தையே பணயம் வைத்தார்.

ஒலிவர் வின்செஸ்ரர் 1810 இல் பொஸ்ரனிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, பண்ணைகளில் உழைத்து, தச்சு பயின்று, பின் ஆடவர் உடை விற்றார். நியூ ஹேவனில் அவர் நிறுவிய சட்டைத் தொழிற்சாலை பெரும்பொருள் ஈட்டியது. அதில் ஒரு பகுதியை 1855 இல் வொல்க்கானிக் என்னும் துவக்குக் கம்பனியில் இட்டார். அதன் குண்டு தன் குழிந்த அடிப்பகுதியிலேயே மருந்தைச் சுமந்தது. மருந்து சிறிதாகவே வலுவும் சிறிதாயிற்று. கம்பனி நொடித்தது. வேறொருவராயின் சட்டைக்கே மீண்டிருப்பார். இவரோ அதன் உடைமைகளை வாங்கிப் புதிய கம்பனி அமைத்து, பெஞ்சமின் ரைலர் ஹென்றி என்ற கைவல்லோனிடம் பட்டறையை ஒப்புவித்தார். ஹென்றி 1860 இல் காப்புரிமை பெற்ற துவக்கு, பதினாறு தோட்டாக்களை ஏந்தியது. அவருக்கு உரிய பங்கு கிடைத்ததாக நான் எண்ணவில்லை. ஊதியத்தில் மனங்கசந்து கம்பனியையே தம்வசமாக்க முயன்று தோற்றார். 1866 இல் கம்பனி வின்செஸ்ரரின் பெயரைப் பெற்றது.

1873 ஆம் ஆண்டுத் துவக்கின் தோட்டாவில் மருந்து 2.6 கிராம், குண்டு 13 கிராம். அதே ஆண்டு அமெரிக்கத் தரைப்படை ஏற்ற ஸ்பிரிங்பீல்ட் துவக்கிலோ மருந்து 4.5 கிராம், குண்டு 26 கிராம். ஆனால் அது ஒவ்வொரு வெடிக்கும் புதிதாக நிரப்பப்பட வேண்டியது. நெடுந்தூரத்தையே அளவுகோலாகக் கொண்டவர்க்கு வின்செஸ்ரர் விளையாட்டுப் பொருளாகத் தோன்றியதில் வியப்பில்லை. மேய்ச்சல் நிலத்தில் தனித்துத் திரிபவனின் கணக்கு வேறு. சில ஆண்டுகளில் கோல்ற் கம்பனி தன் சுழல்துப்பாக்கியை அதே தோட்டாவுக்கு அமைத்தது. இடுப்புக் கச்சையில் ஒரே வகைத் தோட்டா இருந்தாற் போதும். நீண்ட குழலில் அத்தோட்டாவுக்கு வேகம் மிகும். தோளின் தாங்கலால் குறியும் நிலைபெறும். நூறு யாருக்குள் இதனினும் ஏற்றது அக்காலத்தில் எது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கப்பால் குண்டு விரைவில் தாழும், அதனையும் மறைத்தலாகாது.

இரு போர்கள் இதனை அளந்தன. 1876 இல் லிற்றில் பிக்ஹோர்னில் கஸ்ரரின் படைப்பிரிவு அழிந்தது. அக்களத்தில் 1984 இல் தொடங்கிய அகழ்வாய்வுகள், செவ்விந்தியர் நின்ற இடங்களில் ஹென்றி, வின்செஸ்ரர் தோட்டாக் கூடுகளை வெளிப்படுத்தின. தம் நிலத்துக்காகப் போரிட்டவர் கையிலும் இச்சிறு தோட்டா இருந்தது. மறு ஆண்டு பிளெவ்னாவில் துருக்கியர் தொலைவில் வந்த இரசியரைப் பீபொடி-மார்ற்றினி துவக்குகளாற் சுட்டனர். அகழியை நெருங்கியவர்மீது வின்செஸ்ரரைத் திருப்பினர். ஒன்று மற்றையதன் இடத்தை நிரப்பவில்லை; இரண்டும் தேவைப்பட்டன.

வின்செஸ்ரர் 1880 டிசம்பரிற் காலமானார். நான்கு மாதங்களுக்குள் மகனும் இறந்தார். 1873 ஆம் ஆண்டு மாதிரியோ அடுத்த நூற்றாண்டிலும் வார்க்கப்பட்டு, ஏழு இலட்சத்தைத் தாண்டியது.