கணிப்பொறி சமைத்த தமிழர் அறிஞர் ஆர். நரசிம்மன்

ஒரு சிறிய இயங்குதளத்தை அடியிலிருந்து தாமே எழுதிப் பார்க்க விழையும் மாணவர் இன்று நம்மிடையே உளர். நைனார்பாளையத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்க்கும் அவ்வாசை எழலாம். திரையில் ஓர் எழுத்தைத் தோன்றச் செய்வதற்கே பல இரவுகள் கழியும் என்பதைச் செய்து பார்த்தோர் அறிவர். அவர்க்கேனும் கையில் ஒரு பொறி இருக்கிறது. அப்பொறியும் இல்லாத காலத்தில் தொடங்கியவர் நரசிம்மன்.

1926இல் பிறந்த இவர், கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று, இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1954இல் தாயகம் திரும்பி, பம்பாயில் ஹோமி பாபா நிறுவிய டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார்.

மறு ஆண்டு, கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகம் இங்கிலாந்திலிருந்து கணிப்பொறி ஒன்றை வருவித்தது. பம்பாய்க் குழுவினரோ தாமே ஒன்றைக் கட்டத் துணிந்தனர். குழுவினர் இளைஞர், முன்பு கணிப்பொறி கட்டிய பழக்கம் எவர்க்குமில்லை. முதலில் ஒரு சிறு மாதிரிப் பொறியைச் செய்து பிழை கண்டு திருந்தினர். பின்னரே பெரும்பொறியில் கைவைத்தனர். 1960இல் அது இயங்கலாயிற்று. ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்கள், 40 இருமக் கூறுகள் கொண்ட சொற்கள், அத்தகைய 2,048 சொற்களைத் தாங்கும் காந்த நினைவகம்! இன்றைய கணக்கில் பத்தாயிரம் எழுத்துகளுக்கு மேல் சிறிதளவே கொள்ளும். 1962இல் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் எனப் பெயர் சூட்டினார்.

இன்று இயங்குதளம் செய்யும் பணிகளை எல்லாம் அன்று மனிதரே செய்தனர். நிரலை ஏற்றுவதும், நினைவகத்தின் எவ்விடத்தில் எதை வைப்பதென முடிவு செய்வதும், ஒருவர் வேலை முடிந்தபின் அடுத்தவரை அமர்த்துவதும் மனிதர் பொறுப்பே. இயங்குதளம் ஏன் தோன்றிற்று என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் விளக்கிவிடாது.

ஆயினும் ஒரு கசப்பான உண்மையை மறைப்பதற்கில்லை. டிஃப்ராக் முற்றுப்பெற்றபோது மேலைநாடுகளில் டிரான்சிஸ்டர்ப் பொறிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. பிறந்தபோதே அது பழையதாயிற்று. 1964இல் அதே கழகம் சி.டி.சி. 3600 என்னும் அமெரிக்கப் பொறியை வாங்கியது. அப்படியானால் உழைத்த ஆண்டுகள் வீணோ? வீண் என்பாரும் உளர். இக்கட்டுரையாளர் அதற்கு உடன்படுவதில்லை. கட்டியவர்க்கே பொறியின் உள்ளறைகள் தெரியும்; விலைக்கு வாங்கியவர்க்கு அதன் மூடி மட்டுமே தெரியும்.

நரசிம்மனும் அங்கேயே நின்றுவிடவில்லை. 1961 முதல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், சொற்றொடரை இலக்கணத்தால் பகுப்பது போலப் படங்களைப் பகுத்தறியக் கணிப்பொறிக்குக் கற்பிக்கும் ஆய்வில் ஈடுபட்டார். இந்தியக் கணிப்பொறிச் சங்கத்தின் முதல் தலைவராகவும், தேசிய மென்பொருள் வளர்ச்சி மையத்தின் முதல் இயக்குநராகவும் விளங்கினார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பிற்காலத்தில் அவர் சிந்தனையை ஈர்த்தது குழந்தை மொழி கற்கும் விதம். 2007இல் மறையும்வரை அவ்வினா அவரை விட்டகலவில்லை.