துயரின் அருகே அமர்ந்த மகாகவி குமாரன் ஆசான்

பிறந்தவர் எவரும் இறப்பது திண்ணம் என்பதை நாம் நாள்தோறும் ஓதுகிறோம். ஆயினும் தெரிந்தவர் ஒருவர் தீரா நோயில் விழுந்துவிட்டால் அவரருகே அமர அஞ்சுகிறோம். ஆலையில் எம்மோடு உழைத்த தோழர் ஒருவரின் கடைசி நாட்களில், அவர் வீட்டு வாசல்வரை சென்று, உள்ளே நுழையத் துணிவின்றித் திரும்பிய குற்றம் எமக்கும் உண்டு. அக்குற்றத்தை எமக்கு உணர்த்தியவை குமாரன் ஆசானின் நூல்கள்.

ஆசான் 1873-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடலோரத்திலுள்ள காயிக்கரையில், ஈழவர் குடியில் பிறந்தார். ஸ்ரீ நாராயண குருவின் சீடராகி, பெங்களூர், சென்னை, கல்கத்தா நகரங்களில் கல்வி பயின்றார். 1903-இல் தோன்றிய ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்தின் முதற் செயலாளராகிப் பல்லாண்டு தொண்டாற்றினார்.

1907-இல் 'வீணபூவு' வெளிவந்தது. உதிர்ந்து கிடக்கும் ஒரு பூவைக் கண்டு, வாழ்வின் நிலையாமையை அவர் அதில் எண்ணிப் பார்த்தார். பேரறிஞர் ஏ. ஆர். ராஜராஜவர்மா 1918-இல் மறைந்தபோது, 'ப்ரரோதனம்' என்னும் இரங்கற்பாவை இயற்றி, அதனை 1919-இல் வெளியிட்டார். தாழ்த்தி வைக்கப்பட்ட குலத்தவர் உயர்குலத்தவருக்காக அழுதார். துக்கத்துக்குச் சாதி ஏது?

1923-இல் வெளிவந்த 'கருணா' நமக்கு மிகவும் நெருங்கியது. மதுரா நகரத்துக் கணிகை வாசவதத்தை கொலைக்குற்றத்துக்காக அங்கங்கள் அறுக்கப்பட்டுச் சுடுகாட்டில் எறியப்படுகிறாள். காக்கை நரிகளை விரட்டியபடி தோழி ஒருத்தி மட்டும் பிரியாதிருக்கிறாள். எழிலும் செல்வமும் இருந்த நாளில் அழைத்தும் வாராத உபகுப்த பிக்கு, இப்பொழுது தாமே வருகிறார். தம்மத்தை உரைத்து, அமைதியோடு அவள் உயிர் பிரிய உதவுகிறார். பிக்குவைப் போற்றும் நாம் அத்தோழியை மறத்தல் ஆகாது. அவள் பணியே நம் போன்ற இல்லறத்தார் செய்யத்தக்கது.

ஆசான் பௌத்தராக மாறவில்லை; மதமாற்றத்தை மறுத்தும் எழுதினார். அதனை மறைக்க வேண்டியதில்லை. கருணையைக் கற்பித்தவரிடம் நாம் கற்பதில் தடையேதும் இல்லை. 1924 ஜனவரி 16-இல், பல்லனையாற்றில் படகு கவிழ்ந்து, ஐம்பதாம் வயதில் அவர் மறைந்தார். உற்றார் எவரும் அருகிருந்து விடைகொடுக்க இயலாத மரணம் அது.

அவர் வாழ்ந்த தோன்னக்கல்லில் இன்று நினைவகம் உள்ளது. கேரள அரசோ 2008-இல், தீரா நோயுற்றோரின் வலி தணித்துப் பேணுவதற்கென, இந்திய மாநிலங்களுள் முதன்முதலாகத் தனிக் கொள்கை வகுத்தது. நம் சங்கத்துப் படிப்பகங்களும் தம் பங்கைச் செய்தல் வேண்டும். நோயாளியைப் பேணும் முறை கூறும் நூல்களோடு இம்மூன்று நூல்களையும் ஒரே அலமாரியில் வைப்போம். மலையாளம் அறிந்த அன்பர் ஒருவர் படித்துப் பொருள் கூறட்டும். இறப்பை நினைந்து கலங்குபவருக்கு 'வீணபூவு', இழந்து அழுபவருக்கு 'ப்ரரோதனம்', நோயாளியின் பக்கத்தில் இருப்பவருக்கு 'கருணா'. படித்தபின் எழுந்து, நோயுற்றோர் வீட்டுக்குச் செல்வோம், வாசலோடு திரும்பாதிருப்போம்.