கிணற்று நீரைச் சந்தேகித்த டாக்டர்

முதுகு விறைத்துப்போய்க் கடலூர் அரசு ஆஸ்பத்திரிக்கோ, சிதம்பரம் அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ போனால், டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். படத்தில் எலும்பு அளவுக்கு மீறித் தடித்திருந்தால், நோயாளி குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். நம் நாட்டுக்கு இதை உணர்த்தியவர்களில் ஒருவர் கர்னல் ஹென்றி எட்வர்ட் ஷார்ட்.

ஷார்ட் 1887-ல் பஞ்சாபில் பிறந்தார். ஸ்காட்லாந்தில் வைத்தியம் படித்தார். 1910-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். காலா அசார் என்ற கொடிய காய்ச்சலை அஸ்ஸாமில் ஆராய்ந்தார். 1930-களில் சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு டைரக்டராக வந்தார்.

அப்போது நெல்லூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே சில கிராமங்களில் ஒரு விசித்திர நோய். முதலில் உழவு மாடுகள் நொண்டின என்று சொல்வார்கள். பிறகு மனிதர்களின் முதுகும் மரக்கட்டையாயிற்று. குனிய முடியவில்லை, திரும்ப முடியவில்லை. சிலருக்குக் கால்களே ஓய்ந்துவிட்டன.

ஷார்ட், டாக்டர் பண்டிட், ராகவாச்சாரி மூவரும் காரணத்தைத் தேடினார்கள். குற்றவாளி குடிநீர்தான்! அதில் புளோரைடு என்ற உப்பு மிகுந்திருந்தது. 1937-ல் இந்த முடிவை வெளியிட்டார்கள்.

அதே ஆண்டில் எக்ஸ்ரே நிபுணர் பர்னார்டும் ஷார்ட்டுடன் சேர்ந்து இந்நோயைப் பற்றி எழுதினார். சென்னைப் பெரியாஸ்பத்திரியில் அவர் பெயரால் ஒரு நிலையம் இன்றும் இருக்கிறது.

இந்த நோயாளியின் முதுகெலும்பு எக்ஸ்ரே படத்தில் சுண்ணாம்பு போல் வெள்ளை வெளேரென்று தெரியும். எலும்புகளை இணைக்கும் நார்களும் எலும்பாக இறுகியிருக்கும். முதுகெலும்புக்குள் தண்டுவடம் செல்லும் பாதை குறுகிவிடும். தண்டுவடம் நசுங்கும். கால் ஓய்வது அதனால்தான். தடித்த எலும்பைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. ஆகவே வருமுன் காப்பதே வழி.

பின்னர் ஷார்ட் இங்கிலாந்து சென்றார். மலேரியாக் கிருமி முதலில் ஈரலில் ஒளிந்து வளர்கிறது என்று 1948-ல் கார்ன்ஹாமுடன் சேர்ந்து கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றார். நூறு வயது வாழ்ந்து 1987-ல் காலமானார்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் புளோரைடு தொல்லை உண்டு. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. வீராணம் ஏரியை நிரப்பி நம் வயல்களுக்குப் பாயும் அதே காவிரிதான், அங்கே முதுகெலும்பைக் காக்கும் மருந்து!

ஒரு லிட்டர் குடிநீரில் புளோரைடு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அது கண்ணுக்குத் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. கிணற்று நீரோ, போர் நீரோ குடிப்பவர்கள் ஒரு முறை அதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைச் சாலைகள் அதற்காகவே இருக்கின்றன.